சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வயிற்றுக் கிருமி மருந்து: எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக்கூடாது

வயிற்றுக் கிருமி, அதாவது இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் பக்டீரியா, அதற்கான மருந்துத் துண்டு யாருக்கு எழுதினாலும் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். அமிலத்தை அடக்க ஒமெப்ரசோல் போன்ற குளிசை ஒன்று, அன்டிபயட்டிக் இரண்டு, காலையும் இரவும், 14 நாள். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சேனல் பண்ணி வந்து உட்கார்ந்திருப்பவர் மாதாமாதம் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ கிட்னி கிளினிக் போகிறவர் என்றால், அதே துண்டில் சில அளவுகள் மாற வேண்டும். ஒன்றிரண்டு மருந்துகளே மாற வேண்டியும் வரலாம். வயிற்றைப் பார்க்கிற வைத்தியர் கையில் கிட்னி கொப்பி இருக்காது. கிட்னி கிளினிக்கில் வயிற்றுத் துண்டை எடுத்துக் காட்ட யாருக்கும் தோன்றாது. இதனால் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒன்று, முழு அளவு மருந்து உடம்பில் தேங்கிப்போவது. மற்றது, "கிட்னிக்குக் கூடாது" என்ற பயத்தில் நோயாளியே பாதிக் குளிசை போட்டு, பாதி நாளில் நிறுத்திவிடுவது. முதலாவதைப் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. இரண்டாவதைத்தான் கோட்டை விடுகிறோம்.

கிருமியின் பெயர் ஹெலிகோபக்டர் பைலோரி. சுருள் வடிவம். இரைப்பையின் சளிப்படலத்துக்குள் புகுந்து குடியிருக்கும். வயிற்று அமிலத்தில் எந்த பக்டீரியாவும் தங்காது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1982இல், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பாரி மார்ஷலும் ரொபின் வொரனும் இதை வளர்த்துக் காட்டினார்கள். அதுவும் ஒரு தற்செயல்தான். ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை எடுக்காமல் விட்டதில் கூடுதலாகச் சில நாள் கிடைத்தது, கிருமி முளைத்தது. அப்புறமும் நம்பாதவர்கள் இருந்ததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கிருமி உள்ள எல்லாருக்கும் புண்ணோ புற்றுநோயோ வருவதில்லை. பெரும்பாலானோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள்.

பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேதான் தொற்றுகிறது. வாந்தி, எச்சில், மலம் கலந்த தண்ணீர் என்று வழிகள் பல. ஒரு லயக் காம்பராவில் ஐந்தாறு பேர், பல குடும்பங்களுக்கு ஒரு பீலி, பீலிக்கு மேலே எங்கோ ஒரு கழிவறை என்றால் தொற்றுக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு மலையகத்தில் வயிறு எரிகிற எல்லாருக்கும் கிருமிதான் என்று முடிவுகட்டவும் கூடாது. இலங்கையில் செய்த ஆய்வுகளில் இந்தக் கிருமி இந்தியாவில் காண்பதைவிடக் குறைவாகவே தென்பட்டிருக்கிறது. வெறும் வயிற்றில் சாயத் தண்ணி, கொழுந்து நிறுத்து முடியும்வரை தள்ளிப்போகிற பகல் சாப்பாடு, புகையிலை வைத்த வெற்றிலை, மேல் வலிக்குப் போடுகிற டைக்ளோபெனக் குளிசை எல்லாமே நெஞ்செரிவைக் கொண்டுவரும்.

அந்த டைக்ளோபெனக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கூடை சுமந்த முதுகும் தோளும் இரவில் குத்தும்போது கடையில் ஒரு கார்ட் வாங்கி வைத்துக்கொள்வது தோட்டத்தில் சாதாரணம். டைக்ளோபெனக், இபுபுரூபன், மெபனமிக் அசிட் மூன்றும் ஒரே குடும்பம். இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையும் அரிக்கும், சிறுநீரகத்துக்குப் போகிற இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். கிட்னி வருத்தம் உள்ளவர் கிருமிக்கு மருந்து எடுத்துக்கொண்டே இந்தக் குளிசையையும் விழுங்கினால் ஒரு பக்கம் தைத்து மறுபக்கம் கிழிக்கிற வேலைதான். வலிக்குப் பரசிட்டமோல் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிறுநீரக நோய்க்கும் இந்தக் கிருமிக்கும் இடையே ஒரு விசித்திரமான உறவு இருக்கிறது. கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். அமோனியா சுற்றிலும் உள்ள அமிலத்தைத் தணிக்க, அந்த நிழலில் கிருமி பிழைத்துக்கொள்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவரின் இரத்தத்தில் யூரியா கூடும். இரைப்பைச் சாற்றிலும் கூடும். அப்படியென்றால் கிருமிக்குக் கொண்டாட்டம்தானே, டயலிசிஸ் செய்கிறவர்களிடம் இது அதிகமாக இருக்க வேண்டுமே என்று தோன்றும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்ததோ பெரும்பாலும் நேர்மாறு: டயலிசிஸ் நோயாளிகளிடம் கிருமி குறைவாகவே இருந்தது. வேறு தொற்றுகளுக்காக அவர்கள் அடிக்கடி அன்டிபயட்டிக் எடுத்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். நாள்பட்ட நோயில் இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் குறைவதும், அளவுக்கு மிஞ்சிய அமோனியா கிருமிக்கே ஒத்துவராததும் மற்றக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். கிட்னி நோயாளிக்குக் குமட்டல், பசியின்மை, வயிற்று உப்புசம் இருந்தால் அதற்குக் கிருமி அல்லாத காரணங்கள் நிறைய உண்டு. யூரியா ஏறியதே குமட்டும். நெடுநாள் சீனி வருத்தத்தில் இரைப்பை மந்தமாகிச் சாப்பாடு கீழே இறங்காது. இரும்புச்சத்துக் குளிசையும் அஸ்பிரினும் தம் பங்குக்கு வயிற்றைப் புரட்டும். ஆகவே பரிசோதித்துக் கிருமி இருப்பதை உறுதி செய்யாமல், "எதற்கும் ஒரு கோர்ஸ் போட்டுப் பார்ப்போம்" என்பது மற்றவருக்கே நல்லதல்ல. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அறவே வேண்டாம்.

உறுதியானால் சிகிச்சை அவசியம். யூரியா ஏறிய உடம்பில் இரத்தத் தட்டணுக்கள் சரியாக ஒட்டுவதில்லை; டயலிசிஸின்போது இரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் வேறு கொடுப்பார்கள். மற்றவருக்கு லேசாகக் கசிந்து நிற்கிற புண், இவர்களுக்கு நிற்காமல் கசியும். ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவருக்கு அது கூடுதல் அடி. சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர் என்றால், மாற்றிய பிறகு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் தொடங்கிவிடும். அதற்கு முன்பே கிருமியை ஒழித்துவிடுவது எவ்வளவோ மேல். ஏன் என்பது கிளாரித்ரோமைசின் பற்றிச் சொல்லும்போது புரியும்.

பரிசோதனை மூன்று வழியில் நடக்கும். எண்டஸ்கோப்பியில் இரைப்பைச் சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது, மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுவது, யூரியா கலந்த பானம் கொடுத்து மூச்சை ஊதச் சொல்லிப் பார்ப்பது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கிற சோதனை மலிவு. ஆனால் எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் இப்போது உள்ள தொற்றுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதை மட்டும் நம்பி அன்டிபயட்டிக் தொடங்குவது சரியில்லை. இன்னொன்று: ஒமெப்ரசோல் வகைக் குளிசையைச் சோதனைக்கு 2 வாரம் முன்பும், அன்டிபயட்டிக்கை 4 வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி ஒளிந்துகொண்டு "இல்லை" என்று பதில் வரும். கிளினிக்கில் மாதாமாதம் ஒமெப்ரசோல் கொடுக்கப்படுகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அஸ்பிரின் போன்ற காரணத்துக்காக அது கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தானாக நிறுத்தாமல் கேட்டு நிறுத்துவதே முறை.

சரி, மருந்து அளவுக்கு வருவோம். அதற்கு ஓர் எண் வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிளினிக் கொப்பியில் கிரியேட்டினின், அதாவது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.8 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில ஆய்வுகூடங்களில் அது 159 மைக்ரோமோல் என்று வரும், இரண்டும் ஒன்றே. 30 வயது ஆணுக்கு இந்த எண் இருந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம், அதாவது ஈஜிஎப்ஆர், ஏறக்குறைய 51. அதே 1.8, கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற 70 வயது அம்மாவுக்கு இருந்தால் ஈஜிஎப்ஆர் 30. அந்த அம்மாவின் எடை 42 கிலோதான் என்று அதையும் சேர்த்து, மருந்து அளவுக்கென்று வழக்கமாகப் பயன்படுத்தும் பழைய சூத்திரத்தில் போட்டால் 19 வருகிறது. மகனுக்கும் அம்மாவுக்கும் கொப்பியில் ஒரே எண்தான். ஆனால் மகன் முழு அளவு மருந்து எடுக்கலாம்; அம்மாவுக்கு ஆகாது. நம் தோட்டத்து வயதான பெண்கள் பலர் எலும்பும் தோலுமாக இருப்பவர்கள். தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும், சிறுநீரகம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே கிரியேட்டினினை மட்டும் வாயால் சொல்வது போதாது. வயது, எடை, கடைசியாகச் சோதித்த திகதி எல்லாம் வைத்தியருக்குத் தெரிய வேண்டும்.

மலையகத்தில் இந்த எண் இறங்குவதற்கு முக்கிய காரணம் சீனியும் பிரஷரும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் என்று பத்திரிகைகளில் வருவது அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் மிகுந்தது. பதுளை மாவட்டத்தில் கிராந்துருக்கோட்டை, மாத்தளையில் வில்கமுவ போன்ற தாழ்நிலப் பகுதிகளிலும் உண்டு. காரணம் எதுவானாலும் மருந்து அளவைத் தீர்மானிப்பது எண்தான்.

அமொக்சிசிலின் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. பீலியில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, கீழே கான் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கும் நடக்கிறது. கிருமிக்கான வழக்கமான அளவு 1 கிராம், இரு வேளை. ஈஜிஎப்ஆர் 30க்குக் கீழே போனால் பொதுவாக 500 மில்லிகிராம் இரு வேளைக்கு மேல் கொடுப்பதில்லை; 10க்குக் கீழே என்றால் நாள் முழுவதற்குமே 500தான். தேங்கிப்போன அமொக்சிசிலின் சிறுநீரில் படிகமாகலாம், மிக அதிகமானால் வலிப்புக்கூட வரலாம். 30க்கு மேலே இருப்பவர்களுக்குப் பொதுவாகக் குறைக்க வேண்டியதில்லை.

கிளாரித்ரோமைசின் வேறு கதை. 30க்குக் கீழே அளவு பாதியாகும்: 500க்குப் பதில் 250 மில்லிகிராம், இரு வேளை. அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், இதன் உண்மையான ஆபத்து மற்ற மருந்துகளோடு மோதுவதில் இருக்கிறது. ஈரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை இது முடக்கிவிடும். கிட்னி நோயாளியின் குளிசைப் பையில் என்னென்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொலஸ்டரோலுக்கு அடொர்வஸ்டட்டின் அல்லது சிம்வஸ்டட்டின். இவை உடம்பில் ஏறினால் தசை சிதைந்து, அந்தச் சிதைவே சிறுநீரகத்தை அடைக்கும். சிம்வஸ்டட்டினை இதோடு சேர்க்கவே கூடாது. பெரும்பாலும் அந்த 14 நாளும் கொலஸ்டரோல் குளிசையை நிறுத்திவைப்பார்கள். பிரஷருக்கு நிபெடிபின் அல்லது அம்லோடிபின்: பிரஷர் திடீரென விழும், சிறுநீரகத்துக்கு இரத்தம் போதாமல் போகும். கனடாவின் ஒன்டாரியோ மாகாண முதியவர்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், இந்த வகைக் குளிசையோடு கிளாரித்ரோமைசின் சேர்ந்தபோது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பால் வைத்தியசாலைக்குப் போவது கூடியது தெரியவந்தது. நிபெடிபினோடு அது இன்னும் அதிகம். சீனிக்குக் கிளிக்லசைட் அல்லது கிளிபென்கிளமைட் எடுப்பவருக்குச் சீனி கிடுகிடுவென இறங்கலாம். மூட்டுக்கொதிப்புக்குக் கொல்கிசின் எடுக்கிற கிட்னி நோயாளிக்கு இந்தச் சேர்க்கை உயிருக்கே உலை வைக்கும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர் எடுக்கும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் அளவு இரத்தத்தில் ஏறி, வைத்த சிறுநீரகத்தையே கெடுக்கும். மாற்றுவதற்கு முன்பே கிருமியை ஒழிப்பது நல்லது என்று சொன்னது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியாக் குளிரில் இருமல் விடாவிட்டால் பாமசியில் கேட்டு எரித்ரோமைசினோ அசித்ரோமைசினோ வாங்கிப் போட்ட அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். இவை கிளாரித்ரோமைசினின் உறவுக்காரர்கள். முன்பு இவற்றை எடுத்தவரின் வயிற்றுக் கிருமி ஏற்கெனவே பழகிப்போய், கிளாரித்ரோமைசினுக்கு மசியாமல் இருக்கலாம். இதனால்தான் பல நாட்டு வழிகாட்டல்கள் இப்போது கிளாரித்ரோமைசினைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம் என்கின்றன. பிஸ்மத், டெட்ரசைக்கிளின், மெட்ரோனிடசோல், ஒமெப்ரசோல் வகை என்ற நான்கு மருந்துக் கூட்டை முன்னே வைக்கின்றன.

ஆனால் கிட்னி நோயாளிக்கு அந்தக் கூட்டிலும் முட்டுக்கட்டை. பிஸ்மத் ஒரு உலோகம், சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். 1970களில் பிரான்சில் பிஸ்மத் உப்புகளை நெடுநாள் எடுத்த பலருக்கு மூளைக் குழப்பமும் தடுமாற்றமும் வந்தது மருத்துவ உலகம் மறக்காத பாடம். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு அதைத் தவிர்ப்பார்கள். டெட்ரசைக்கிளின் இரத்த யூரியாவை ஏற்றிவிடும், அதுவும் ஆகாது. மாற்றாக லெவோபுளொக்சசின் என்ற அன்டிபயட்டிக் கொடுத்தால் அளவைக் குறைத்து, நாள் விட்டுக்கூடக் கொடுக்க நேரலாம். கால்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளோடு சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் சேராது. கிட்னி நோயாளிகள் பெரும்பாலோர் இந்த இரண்டையும் எடுப்பவர்கள் என்பதால் இடையில் குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும்.

மிஞ்சுவது மெட்ரோனிடசோல். ஈரலில் சிதைகிற மருந்து என்பதால் வழக்கமாக அளவைக் குறைக்கத் தேவையில்லை. வாயில் உலோகச் சுவை வரும், குமட்டும். கசிப்போ சாராயமோ பக்கத்தில் வரக்கூடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து அவதிப்பட நேரலாம் என்பதை வீட்டு ஆண்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமொக்சிசிலின் இடத்தை நிரப்புவதும் பெரும்பாலும் இதுவே.

குறைக்கக்கூடாதவற்றில் முதலாவது, மருந்து எடுக்கும் நாட்களின் எண்ணிக்கை. சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் 14 நாள் 14 நாள்தான். 7 நாளில் எரிச்சல் அடங்கியது என்று நிறுத்தினால், செத்தது பலவீனமான கிருமி. பிழைத்தது மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமி. ஒமெப்ரசோல் வகையையும் குறைக்க வேண்டியதில்லை, அது ஈரல் வழியே போவது. அமிலம் அடங்கினால்தான் அன்டிபயட்டிக் வேலை செய்யும். ஆகவே குறைப்பு என்பது ஒன்றிரண்டு மருந்துக்கு மட்டும், பொதுவாக ஈஜிஎப்ஆர் 30க்குக் கீழே வந்தவருக்கு மட்டும் (லெவோபுளொக்சசின் என்றால் 50க்குக் கீழேயே), வைத்தியர் கணக்குப் போட்ட பிறகு மட்டும். மருந்து வாங்கக் காசு போதாவிட்டால் அதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடலாம். 2022 நெருக்கடியில் வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்க எழுதிக் கொடுத்த நாட்களில், பாதி வாங்கிப் பாதியோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். அப்படிப் பாதியில் விடுவதைவிட, முழுக் காசும் கைக்கு வரும்வரை ஒரு மாதம் தள்ளித் தொடங்குவது எவ்வளவோ புத்திசாலித்தனம். புண் இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் மட்டும் தள்ள முடியாது.

டயலிசிஸ் செய்கிறவருக்கு நேரமும் சேர்கிறது. அமொக்சிசிலினையும் மெட்ரோனிடசோலையும் இயந்திரம் இரத்தத்திலிருந்து இழுத்துவிடும். காலையில் குளிசை போட்டுவிட்டுக் கண்டி பஸ் ஏறினால், அந்தக் குளிசை இயந்திரத்துக்குப் போட்டதாகிவிடும். டயலிசிஸ் நாளில் அந்த வேளை மருந்தை டயலிசிஸ் முடிந்த பிறகு போட வேண்டும்.

வயிற்றோட்டமும் வாந்தியும் இந்த மருந்துகளோடு வருவது புதிதல்ல. லேசாக இருந்தால் சமாளிக்கலாம். நாளுக்கு நாலைந்து முறை போய், சிறுநீர் குறைந்து, தலை சுற்றினால் காத்திருக்கக் கூடாது. பிரஷருக்கு லொசார்டன், எனலப்ரில், நீர்ப்போக்கிக் குளிசை, சீனிக்கு மெட்போமின் எடுப்பவரின் உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் ஒரே நாளில் மேலும் சரிந்துவிடும். அன்றைக்கு எதை நிறுத்திவைப்பது என்று கேட்க வேண்டும். நெஞ்செரிவுக்கு வெள்ளைத் திரவ மருந்தைக் குடிப்பதிலும் கவனம் தேவை. அதில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் தேங்கும். தண்ணீரில் போட்டுப் பொங்கவைத்துக் குடிக்கிற தூளில் சோடியம் தாராளம். பிரஷர் உள்ளவருக்கு அது உப்பு குடித்த மாதிரி. நாட்டு மருந்தில் ஈஸ்வரமூலி, சிங்களத்தில் சப்சந்த, சேர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். அந்தச் செடிக் குடும்பத்தின் நச்சு சிறுநீரகத்தை நேரடியாகப் பாழாக்குவது என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்துக் கிருமி போனதா என்று மலத்திலோ மூச்சிலோ சோதிக்க வேண்டும். எரிச்சல் நின்றதே சாட்சி என்று இருந்துவிடக் கூடாது. அறிகுறியும் கிருமியும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை. போகவில்லை என்றால் இரண்டாம் சுற்றில் அதே கிளாரித்ரோமைசினை மறுபடி எழுதுவதில் பயனில்லை. வேறு கூட்டு வேண்டும். முதல் சுற்றில் எந்த அன்டிபயட்டிக் எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று அப்போது கேட்பார்கள். காலியான குளிசைக் கார்டுகளை எறியாமல் வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வி சுலபம்.

கிருமி போயிருந்தால் ஒமெப்ரசோல் எதற்கு இன்னும் என்ற கேள்வியைக் கேட்கும் நேரம் அது. இரண்டு வாரத்துக்கென்று தொடங்கிய குளிசை கிளினிக் கொப்பியில் மாதாமாதம் நகலாகி வருடக்கணக்கில் ஓடுவதைப் பார்க்கலாம். 2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, நெடுநாள் இதை எடுப்பவர்களிடம் நாள்பட்ட சிறுநீரக நோய் சற்று அதிகம் காணப்படுவதைக் காட்டியது. இந்தக் குளிசைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் அரிதாகச் சிலருக்குச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்குவதும், இரத்தத்தில் மக்னீசியத்தைக் குறைப்பதும், இரும்புச்சத்து சேர்வதைத் தடுப்பதும் தெரிந்த விஷயங்கள். இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர், பெரிய புண் ஆறிக்கொண்டிருப்பவர் தொடர வேண்டியிருக்கும். மற்றவர் அடுத்த கிளினிக்கில் அந்த ஒரு வரியைக் காட்டி நிறுத்தலாமா என்று கேட்கலாம்.